லாபம், ரெண்டு, மூணு

வறுவேல் பெட்டி எண்ணும்போது
ஒன்று என்று சொல்ல மாட்டான்.
நெல் அளந்த வீட்டுப் பழக்கம்:
முதல் பெட்டிக்கு "லாபம்",
அப்புறம்தான் ரெண்டு, மூணு.
சார்ஜா விமானத்தின் வயிற்றுக்குள்
முட்டி போட்டபடி அவன் "லாபம்" என்று கத்துவது
பத்து வருசமாய்
என் டிராக்டர் இரைச்சலையும் மீறிக் கேட்கும்.

மார்த்தாண்டத்திலிருந்து புறப்படும் முதல் பஸ்.
நான் களியக்காவிளையில் ஏறுவேன்.
விமானத்தாவளத்துக்கு முப்பத்தெட்டு பேர்,
அதில் நிரந்தரம் நான் ஒருவன்.
மற்றவர்களின் சட்டையில் ஏதோ ஏஜென்சியின் பெயர்.
ஏஜென்சி வருசா வருசம் மாறும்.
சட்டை மாறாது,
தையலைப் பிரித்துப் புதுப்பெயர் தைத்துக்கொள்ளச் சொல்வார்கள்.

ஏழாவது சுற்றுப் பேச்சு
சாக்கையில், கம்பெனி ஆபீஸ் மாடியில்.
ஏசி. ஆளுக்கொரு பழம்பொரி, கட்டஞ்சாயா.
மலையாளத்தில் ஒப்பந்தத்துக்குக் கரார் என்று பெயர்.
எனக்குத் தெரிந்த கறார்
மீன்காரி ஸ்டெல்லாபாய் பழைய பாக்கி கேட்பது.
இரண்டும் ஒன்றில்லை.

சுவரில் வெளிச்சமாய் விழுந்தது லாபப் பங்கீடு.
வந்ததில்
ஏர்போர்ட்டுக்குக் கட்டியது போக,
வங்கி வட்டி போக,
போன வருச நஷ்டம் போக,
தேய்மானம் போக
மிஞ்சினால்
மிஞ்சியதில் நூற்றுக்கு மூன்று.
நாங்கள் எண்ண ஆரம்பிக்கிற சொல்
அங்கே கடைசி வரியில் இருந்தது.
தேய்மானத்தில் என் டிராக்டர் இருந்தது,
ஏணி இருந்தது, பெல்ட் லோடர் இருந்தது.
வறுவேலின் முட்டி இல்லை.

பதினாலாம் பிரிவு, இரண்டாம் உட்பிரிவு:
நிரந்தர ஊழியர்களுக்கு மட்டும்.

கை தூக்கினேன்.
என் மலையாளத்துக்கு எப்போதும் சிரிப்பார்கள்,
அன்று சிரிக்கவில்லை.
"ஏற்றி இறக்குகிறவனுக்கு?"
பிரியம்வதா மேடம் மரியாதையாய்ச் சொன்னார்,
"அவர்கள் எங்கள் ஆட்கள் இல்லையே."
மேசைக்கு அடியில் குறுப்பு சார்
என் தொடையில் கை வைத்தார்.
இது கிடைக்கட்டும், அடுத்த கராரில் அவர்களைப் பார்ப்போம்.
கெட்டவர் இல்லை.
எங்களுக்காக இரண்டு வருசம்
சஸ்பென்ஷனில் கிடந்த மனுசன்.

என் பங்கு பதினோராயிரத்து நானூறு.
மகளுக்கு நர்சிங் இரண்டாம் வருசம்.
கம்பெனிப் பேனா நன்றாக எழுதியது.
தமிழில்தான் கையெழுத்துப் போட்டேன்,
யாரும் கேட்காவிட்டாலும்
அதைச் சொல்லிக்கொள்ளத் தோன்றுகிறது.

மறுநாள் பஸ்ஸில்
என் சீட்டில் துண்டு கிடந்தது,
வழக்கம்போல் யாரோ பிடித்துவைத்திருந்தார்கள்.
பாறசாலை தாண்டும்வரை பேச்சில்லை.
தூக்கமாகவும் இருக்கலாம்.
நெய்யாற்றின்கரையில் வறுவேல் திரும்பினான்.
"ஒப்பு போட்டாச்சா அண்ணே?"
"ம்."
"ஒங்களுக்கு உண்டுல்லா?"
"உண்டு."
"கொள்ளாம்" என்றான்.
அப்புறம், "பிள்ளைக்க பீசுக்கு ஆச்சு."
அதை அவன் மனசார சொன்னான் என்றுதான் நினைக்கிறேன்.
குத்திச் சொல்லியிருந்தால்
இறங்கும்வரை சண்டையாவது போட்டிருக்கலாம்.

ஐந்து இருபது, சார்ஜா.
வண்டியைப் பின்னோக்கி ஓட்டி நிறுத்தினேன்.
வறுவேல் உள்ளே ஏறி முட்டி போட்டான்.
முதல் பெட்டி பெல்ட்டில் போனது,
சிவப்பு நாடா சுற்றியது,
மாங்காய் ஊறுகாய் லேசாய்க் கசிந்தது.

"ஒண்ணு."

கீழே நின்ற பையன்
ஒரு நொடி தலை தூக்கிப் பார்த்தான்.
பிறகு அடுத்ததை எடுத்து வைத்தான்.

நூற்று எழுபத்து நான்கு பெட்டிகள்.
ஒன்றும் குறையவில்லை.
விமானம் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்திருக்கும்.