இருட்டு: நான்கு மணி நேரம்

விளக்குப் போடாமல் இருப்பதற்காக
என்னைக் கூலிக்கு அமர்த்தினார்கள்.
பிதோம் நகரத்து எலக்ட்ரீஷியன் ஒருவனுக்கு
இதைவிடச் சுலபமான வேலை
வாய்க்காது என்றுதான் நானும் நினைத்தேன்.

சுரங்கம் மூடி இருபது வருடம்.
குளியல் கூடம் மட்டும் இடிபடாமல் நிற்கிறது.
கூரையிலிருந்து முந்நூறு சங்கிலிகள்,
ஒவ்வொன்றுக்கும் ஒரு கப்பி, ஒரு கொக்கி, ஓர் எண்.
குழிக்குள் இறங்குகிறவன்
வீட்டு உடுப்பை மாட்டி மேலே இழுத்துவிட்டுப் போவான்.
ஏறி வந்ததும் இறக்கிக்கொள்வான்.
இறக்கப்படாத சட்டை எதுவென்று
எல்லோரும் அண்ணாந்து பார்த்த நாட்களும் உண்டு.

இப்போது கொக்கிகளில் ஹால்ஷ்காவின் ஓவியங்கள்.
பதினொன்று. எல்லாம் கறுப்பு.
புகைபோக்கிகளில் சுரண்டிய கரியைப்
பசை சேர்க்காமல் கித்தானில் தேய்த்திருந்தாள்.
பசை பொய் சொல்லும், என்றாள்.
விளக்கு ஏன் வேண்டாம் என்று கேட்டேன்.
தெரிந்துவிட்டால் பார்ப்பதை நிறுத்திவிடுவார்கள், என்றாள்.
'வெளியேறும் வழி' பச்சை விளக்கை மட்டும்
சட்டப்படி அணைக்க முடியாது, என்றேன்.
என் கம்பளிக் காலுறையைக் கேட்டு வாங்கி
அதன்மேல் மாட்டினாள்.

வில்னியுஸிலிருந்து வந்த ஔஸ்தேயா
சங்கிலிகளில் பொட்டு மைக்குகளை
ஒட்டிக்கொண்டிருந்தாள், நாடி பார்க்கிறவளைப் போல.
வயலின் வில்லால் கொக்கியை உரசுவாள்.
பிடிக்கவில்லை என்று தலையாட்டுவாள்.
மூன்று நாளும் இருவருக்கும் சண்டை.
உன் சத்தம் என் படங்களுக்கு உரை எழுதுகிறது, என்பாள் இவள்.
உன் படங்கள் ஏற்கெனவே சத்தம் போடுகின்றன, என்பாள் அவள்.
ரொட்டியை மட்டும் பாதிப் பாதி பிய்த்துக்கொண்டார்கள்.

திறப்பு நாள். அறுபது பேர்.
கடைசி விளக்கை அணைத்தேன்.

முதலில் ஒன்றுமில்லை.
பிறகு எங்கோ ஒரு சங்கிலி
தன் எண்ணைத் தானே சொல்லிப் பார்த்தது.
பிறகு இன்னொன்று.
பிறகு சத்தம் காதை விட்டு இறங்கி
முழங்காலுக்கு வந்தது. பல் கூசியது.
நிலத்தடியில் ஒரு லாரி
திரும்ப இடமில்லாமல்
பின்னாலேயே போய்க்கொண்டிருந்தது.
யாரோ இருமினார்கள். இன்னும் சிலர்.
என் உதட்டில் மாவு போல ஏதோ.
நக்கினேன்: அடுப்புக் கசப்பு.

ஓவியங்கள் உதிர்ந்துகொண்டிருந்தன.

ஹால்ஷ்கா கத்துவாள் என்று காத்திருந்தேன்.
சுவிட்சில் என் விரல்.
அவள் குரல் வந்தது,
ஔஸ்தேயா நின்ற பக்கமிருந்து:
இன்னும் கீழே. இன்னும் கீழே போ.

விளக்கைப் போட்டபோது
பதினொரு வெளுத்த துணிகள் ஆடிக்கொண்டிருந்தன.
கீழே அறுபது கரிய முகங்கள்
கண்வெள்ளையை வைத்துக்கொண்டு
உடன் வந்தவர்களைத் தேடின.
ஏழாம் ஓவியத்துக்கு முன்பணம் கட்டியிருந்த பல்மருத்துவர்
தன் கோட்டைத் தட்டலாமா கூடாதா என்று கேட்டார்.
யாருக்கும் தெரியவில்லை.

சுவர் நெடுக நாற்பது குளியல் குழாய்கள்.
ஒன்றிலும் தண்ணீர் இல்லை.

அப்படியே டிராம் ஏறினோம்.
எதிர் இருக்கையில் தூங்கிக்கொண்டிருந்தவர்
வளைவில் குலுங்கி விழித்து
எங்களைப் பார்த்தார்,
தொப்பியைத் தொட்டார்,
'கடவுள் துணை' என்றார்,
குழியிலிருந்து ஏறியவர்களுக்குச் சொல்வது போல
அத்தனை சாதாரணமாக.
பிறகுதான் முழுதாக விழித்தார்.
சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.
அவர் காது சிவப்பதைப் பார்த்தேன்.
வயலின் வில்லை மடியில் வைத்திருந்த ஔஸ்தேயா
என்ன சொன்னார் என்று கேட்டாள்.
ஹால்ஷ்கா மொழிபெயர்க்கவில்லை.

மறுவாரம் பில் கேட்டார்கள்.
விளக்கு: இல்லை.
இருட்டு: நான்கு மணி நேரம்,
என்று எழுதி அனுப்பினேன்.
மறுகேள்வி இல்லாமல் பணம் வந்தது.
காலுறையைக் கணக்கில் சேர்க்கவில்லை.
அது இன்னும் அங்கேதான்,
வாசலுக்கு மேலே,
உள்ளுக்குள் பச்சையாக எரிந்துகொண்டு.