ஒன்பதாம் மாதம்

முதலில் தைத்த கண்ணை என் உடம்பே தின்றது.

செம்பனைக் குலை அறுக்கையில்
மட்டை முள் கீறிய இடம் அது.
யாரோ ஒருவர் விட்டுப்போன விழிப்படலம்,
பதினாறு தையல்.
எட்டு மாதம் சிலிம் ரிவர் ஸ்டேஷன் பலகையை
எழுத்துக்கூட்டிப் படித்தேன்.
ஒன்பதாம் மாதம்
மில் புகை கண்ணுக்குள் வந்து படுத்துக்கொண்டது.

விளக்குக் கருவியில் டாக்டர் நோர்ஹயாத்தி பார்த்தார்.
உள்ளே ஒரு வெள்ளைக் கோடு,
நண்டு நடப்பதுபோல் மெல்ல நகர்கிறதாம்.
உங்கள் காவல் அணுக்கள்தான், என்றார்,
வேற்றாள் என்று அடிக்கின்றன.

எனக்குச் சிரிப்பு வந்தது.
அப்பனுக்குப் பிறப்புத்தாள் இல்லையென்று
நாலு தடவை விரட்டி
ஐந்தாம் தடவை சிவப்பு ஐசி நீட்டிய கவுண்டர்
எனக்குள்ளேயும் திறந்திருக்கிறது,
மதியச் சாப்பாட்டுக்குக்கூட மூடாமல்.

இந்த முறை வேறு வழி.
தைப்பதற்கு முன்பே படலத்தை ஊறப் போடுவார்கள்.
பல் பிடுங்கிய வைரஸ் ஒன்று
அணு அணுவாகப் போய்
ஒரு மரபணுவை இறக்கிவிட்டு வரும்,
லோரியிலிருந்து உரமூட்டை இறக்குகிற மாதிரி.
அப்புறம் அந்த அணுக்களே
ஏதோ ஒரு புரதம் சுரக்கும்.
டாக்டரின் மலாயை நர்ஸ் திலகமணி
எனக்காகத் தமிழில் சுருக்கினாள்:
'அடிக்காதேன்னு சொல்லிக்கிட்டே இருக்கும் அண்ணே.'
எவ்வளவு நாளைக்கு?
'அதத்தான் பாக்கப் போறாங்க.'

பதினொரு பக்கப் பாரம்.
சிவப்பு ஐசி எண்ணை எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.
உன்னைய எலியாக்கிட்டானுங்களா, என்றார் மண்டோர்.
குணவதி ஒன்றும் சொல்லவில்லை.
நாள்காட்டியில் சொட்டு மருந்து நேரங்களை
நெருக்கி நெருக்கி எழுதினாள்.

காலை ஆறு மணிக்கு
இமையைக் கீழே இழுத்து ஒரு சொட்டு.
பசியாறிட்டியா, என்று கேட்பேன்
பெயர் தெரியாத அந்த ஆளை.
ஆணா பெண்ணா, எந்தச் சாமி,
கடைசியாக எதைப் பார்த்த கண்,
கேட்கக்கூடாதாம். கேட்கவில்லை.

நேற்று ஒன்பதாம் மாதம் பிறந்தது.
இன்று விடியலில்
நல்ல கண்ணைப் பொத்திக்கொண்டு வாசலுக்கு வந்தால்
எதிரே சாம்பல்.
செம்பனை வரிசை இல்லை. சாலை இல்லை.
நல்ல கண்ணைத் திறந்து பார்க்கக் கை வரவில்லை.

'குணவதி, வெளியில மூட்டமா?'

அடுப்படியிலிருந்து அவள் வர
எவ்வளவு நேரம் ஆனது.

'ஆமா. ரெண்டு நாளா எங்கயோ காடு எரியுதாம்.
எதிர்வீடே தெரியல.'

தெரியல, தெரியல என்று
நானும் சொல்லிப் பார்த்தேன்,
இருமிக்கொண்டே,
சத்தமாக.