ஷட்டவுன் இல்லாமல்

இதயம் இருபத்தைந்து சதவீதம்தான் இறைக்கிறது என்றதும்
முடியப்பன் தலையை ஆட்டினார்.
பர்காவில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையில்
பத்தொன்பது வருடம் பம்ப் ஆபரேட்டர்.
"அப்படியொரு பம்பை நான் நிறுத்தவே மாட்டேன்,
நிறுத்தினா திரும்ப எடுக்காது."

டாக்டர் இக்லாஸ், சூடான்காரி, என்னைப் பார்த்தார்.
அரபியில் தொடங்கி ஆங்கிலத்தில் முடித்தேன்.
சிரித்துவிட்டார்.
அதையேதான் நானும் சொல்ல வந்தேன், சொல்லு அவரிடம்:
ஆலை ஓடட்டும்.
ஒரு லைனை மட்டும் மூடுகிறோம்.

மார்பகத்தில் புற்று. ஆணுக்கு.
எட்டு மாதம் யாரிடமும் சொல்லாமல்
கேம்ப் குளியலறையில் பனியனோடு குளித்திருக்கிறார்.
கம்பெனி பாரத்தில் 'நெஞ்சுக் கட்டி' என்று எழுதச் சொன்னார்.
ஊரில் சலேத்மேரிக்கு அதுவும் இல்லை,
"கையில ஒரு சின்ன ஆபரேசன்."

ஏழே கால். மஸ்கட் வெயில் அதற்குள் கண்ணாடியில்.
மேசையில் உட்காரவைத்து
முன்னால் நின்று தோளைப் பிடித்துக்கொண்டேன்.
முதுகுத்தண்டின் ஓரமாக ஊசி.
ஸ்கேன் திரையில் நுரையீரலின் உறை
ஒரு வெள்ளைக் கோடு, மூச்சுக்கு மூச்சு வழுக்கும்.
அதைத் தொடக் கூடாது. அதற்கு ஒரு மயிரிழை முன்னே நிற்கவேண்டும்.
மருந்து இறங்கியதும் கோடு மெல்லத் தாழ்ந்தது.
"கொய்ஸ்" என்றார் டாக்டர்.
மூன்று இடம். மூன்று முறையும்
அவருடைய கட்டைவிரல் என் முழங்கையில் பதிந்தது.

இருபது நிமிடம் கழித்து ஐஸ்கட்டி.
குளிருதா அண்ணாச்சி?
"என்னமோ தொடுது. குளிரல்ல."
இங்க?
"அய்யோ, இங்க குளிருது!"
அந்த இடத்தில் பேனாவால் ஒரு கோடு.

துணி கட்டினோம்.
அந்தப் பக்கம் கத்தி. இந்தப் பக்கம்
அவர் முகமும் நானும் ரத்த அழுத்த எண்களும்.
அவர் பேசிக்கொண்டே இருந்தார்:
சொறிமுட்டை கூட்டமாக வந்து
உறிஞ்சுகுழாயை அடைத்த ராத்திரி,
வலையால் வாரி வாரிக் கொட்டியது,
விடியும்போது கையெல்லாம் தடித்திருந்தது.
நூற்றுப்பத்து. நூற்றுநான்கு.
எண்பத்தெட்டு என்றபோது டாக்டர் பேச்சின்றி
ஒரு சிரிஞ்சில் கால்வாசி தள்ளினார்.
தொண்ணூற்றேழு.

பேச்சு நின்றது.
"தங்கச்சி, எங்கயோ மோட்டார் காயில் கருகுது."

பொய் சொல்ல ஒரு வினாடி இருந்தது.
மோட்டார் இல்ல அண்ணாச்சி, என்றேன்.

அவர் கூரைவிளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார்.
நாசி விரிந்து சுருங்கியது.
"நானா?"
ஆமா.
"சரி" என்றார். கொஞ்ச நேரம் கழித்து,
"ஆரம்பிச்சிட்டாங்களான்னு கேக்க நெனச்சேன்."
அப்போது அது ஏற்கெனவே
தட்டில் இருந்தது.

இரவு ஒன்பதரைக்கு வார்டில் வலிக் கணக்கு எடுக்கப் போனேன்.
பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் எவ்வளவு?
"நாலு பார். லைன் தொறந்தாச்சு போல" என்று
ஏதோ நல்ல செய்தி மாதிரி சொன்னார்.

தலையணையில் போன் அதிர்ந்தது.
வீடியோவில் சலேத்மேரி, பின்னால் டியூப்லைட்.
எந்தக் கை, காட்டுங்க.

வலது கையைக் காட்டினார்.
அதுல ஒண்ணுமில்லியே, ஊசி மட்டும்தான இருக்கு, மத்தக் கை?
இடது கையை வலிக்க வலிக்கத் தூக்கிக் காட்டினார்.
திருப்பிக் காட்டினார்.
இரண்டிலும் காயம் இல்லை.

அங்கே அவள் பேசவில்லை.
அவர் விரல்கள்
சட்டையின் மேல் முடிச்சைத் தேடின.
நான் திரைச்சீலையை இழுத்துவிட்டு
வெளியே வந்தேன்.