வெளியேறும் வழி

எங்கள் கார்மென்ட்ஸ் சுவரில் ஒரு வரைபடம்.
பச்சை அம்புகள்: தையல் அறை, படிக்கட்டு,
முற்றம், முற்றத்துக்கு அப்பால் சவுக்கு மரம்.
வருஷத்துக்கு ஒருதரம் இங்கிலாந்துக் கம்பனியின் ஆள்
நோர்வூட் வளைவுகளில் வாந்தியெடுத்து வந்து சேர்வார்,
கையில் ஓடும் கடிகாரம்.
மணி அடிக்கும்.
ஊசியை நிறுத்தி, சுவிட்சை அணைத்து,
பிள்ளைத்தாய்ச்சிகளை முன்னால் விட்டு
இருநூற்றுப் பன்னிரண்டு பேர்
இரண்டு நிமிஷம் நாற்பது விநாடியில் மரத்தடியில் நிற்போம்.
"போனமுறை முப்பது" என்பார்.
எழுதிக்கொள்வார்.

இந்த வருஷம் அவருடைய நாடே
ஐரோப்பாச் சந்தையை விட்டு வெளியேறுகிறதாம்.
ரொட்டர்டாம் விலாசம் போட்ட லேபல் இனிச் செல்லாது,
மார்ச் இருபத்தொன்பதுக்குள் மாற்று என்றார் ரன்மலி மிஸ்.
நாலு வயதுப் பிள்ளைகளின் மழைச்சட்டை, ஒன்பதாயிரம்.
கழுத்துக்குப் பின்னால் எட்டுத் தையல்.
பிரித்தோம்.
தைப்பதற்கு ரேட் உண்டு,
பிரிப்பதற்கு இல்லை.

மார்ச் கடைசியில் தகவல்: இன்னும் போகவில்லை,
ஏப்ரல் பன்னிரண்டு.
ஏப்ரலில் தகவல்: ஒக்டோபர்.
பழைய லேபலையே திரும்பப் போடு.
அதை யார் வைத்திருந்தது?
தயாளினி வைத்திருந்தாள், ஒரு சொப்பிங் பேக் நிறைய.
"எதுக்கும் இருக்கட்டும்னு" என்றாள்.
அவ்வளவு பெரிய பாராளுமன்றத்தில்
அப்படி ஒருத்தி இல்லாமல் போனாள்.

லயத்தில் அண்ணன் தம்பி பிரியும்போதுகூட
பீலித் தண்ணீர் யாருக்கு எத்தனை மணிக்கு,
முட்டையிடுகிற கோழி யாருக்கு,
மிச்சச் சீட்டுக்காசை யார் கட்டுவது
எல்லாம் பேசிவிட்டுத்தான் நடுவில் சாக்குக் கட்டுவார்கள்.
பேசாமல் கட்டியவர்கள்
இன்னும் ஹட்டன் கோர்ட்டுக்கு பஸ் ஏறுகிறார்கள்.

இதைச் சொல்லிச் சிரித்தபோது
செண்பகவல்லி அக்கா மட்டும் சிரிக்கவில்லை.
எங்கள் சனத்தை இரண்டு நாடும் பங்குபோட்ட காகிதத்தில்
இத்தனை லட்சம் அங்கே, இத்தனை லட்சம் இங்கே,
மிச்சம் ஒன்றரை லட்சம் பேரைப்
பிறகு பார்க்கலாம் என்று விட்டிருந்தார்களாம்.
அவள் அப்பா அந்த மிச்சத்தில் ஒருவர்.
பத்து வருஷம்
'பிறகு' என்ற சொல்லுக்குள் குடியிருந்தார்.
அக்கா நூலைப் பல்லால் அறுத்தாள்.
சட்டையைத் திருப்பிப் போட்டாள்.

ஒக்டோபரிலும் போகவில்லை.
நவம்பரில் அந்த ஆள் வந்தார். நல்ல மழை.
மணி அடித்தது. நனைந்துகொண்டு நின்றோம்.
அவர் விரல் நீட்டி எண்ணினார்,
ஒன்று குறைந்தது, மறுபடி எண்ணினார்,
சரியாக வந்தது.

"மிஸ், இவரிடம் கேளுங்கள்," என்றாள் தயாளினி,
"இவங்க ஆட்களுக்கு எந்த மரத்தடி?"
ரன்மலி மிஸ் மொழிபெயர்க்கவில்லை.
நன்றி சொல்கிறாள் என்று நினைத்து
அவர் தலையாட்டிச் சிரித்தார்.
இரண்டு நிமிஷம் ஐம்பத்தைந்து.
மழை என்பதால்
மன்னித்து எழுதினார்.