உயர் அலைக் கோடு

சென்னையிலிருந்து வந்த வரைபடத்தில்
கடலின் கோடு
ஜெசிந்தாவின் அடுப்படிக்குள் புகுந்து போகிறது.
சிலிண்டர் இந்தப் பக்கம்,
அடுப்பு அந்தப் பக்கம்,
நடுவில் ஆரஞ்சு நிற ரப்பர் குழாய்.

"சிலிண்டருக்கு நீங்க போதும்.
பத்த வைக்க யார்ட்ட சார் கையெழுத்து வாங்கணும்?"

நான் ஊராட்சிச் செயலர்,
வேதாளைக்குத் தெற்கே ஒரு சின்னக் கரை.
என் இழுப்பறையில் முத்திரை இருக்கிறது,
மைப்பெட்டி காய்ந்து இரண்டு வருடம்.

தலைவர் பிரகாசியம்மாள் கிராமசபையைக் கூட்டினார்.
'எங்கள் கடல் எதுவரை வரும் என்று
எங்களுக்குத் தெரியும்.'
நூற்றுப் பன்னிரண்டு கையெழுத்து,
ஏழு கைநாட்டு.
எழுதும்போது எனக்கே புல்லரித்தது.

அதே பதிவேட்டில்
நாலு பக்கம் முன்னால் இன்னொரு தீர்மானம்:
பாசி எடுக்கும் நம்புராஜன்
சர்ச் தெருவில் வீடு கட்ட அனுமதியில்லை.
காரணம், பாதை குறுகல்.
அந்தப் பாதையில் ஐஸ் லாரி திரும்பும்.
அதையும் நான்தான் எழுதினேன்,
இதே பேனாவால்.

சென்னை எங்களைக் கேட்கவில்லை.
ஆன்லைனில் ஒரே நாளில் கொடுத்துவிட்டது.
இப்போது அந்த மாடியில்
அவர் மகளின் பள்ளிச் சீருடை காய்கிறது.
பார்க்காத மாதிரி
சைக்கிளை மிதிக்கிறேன்.

போன கச்சானில் கடல் ஏறி வந்து
அளவைக் கல்லைப் பிடுங்கி உடைத்துப் போட்டது.
எண் எழுதிய துண்டைப் பொறுக்கி வந்தேன்.
மேலே அனுப்பவா, திருப்பிக் கொடுக்கவா
தெரியாத ஜெசிந்தாவின் மனு
மின்விசிறிக் காற்றில் பறக்காமல்
அதன் அடியில்தான் கிடக்கிறது.