பட்டும் படாமல்

எண் பதினான்கு.
பெயர் கேட்கக்கூடாது, அது விதி.
ஆனால் மற்ற பெட்டிகள் வேனில் வருகின்றன,
இது ஒன்றுதான் படகில்.
மேற்கே வெஸ்ஸான் தீவிலிருந்து
ப்ரெஸ்ட் துறைமுகம் சேரும்போது
மூடியில் உப்புப் பூத்திருக்கும்.

இருமி எடுத்த இரண்டு மில்லி.
குச்சியால் தொட்டு இழுத்தால்
ஒரு சாண் வரை அறுவதில்லை.
செத்த வெள்ளணுக்கள் அவிழ்த்துவிட்டுப் போன டி.என்.ஏ. நூல்,
அதன்மேல் சளியின் சொந்த நூல்,
முடிச்சுமேல் முடிச்சு.

சளியைத் திட்டாதவர் யார்?
நானும் திட்டியிருக்கிறேன், இப்போது அவ்வளவாக இல்லை.
தூசியா மகரந்தமா கிருமியா
அது விசாரிப்பதில்லை,
வந்ததைப் பிடித்துவைக்கும்.
மருந்து வந்தாலும் பிடித்துவைக்கும்.

மார்ச்சில் வெறும் துகள்களை விட்டோம்.
இருநூறு நானோமீட்டர், பச்சையாய் ஒளிரும் புள்ளிகள்.
பாகில் விழுந்த எறும்புபோல
நின்ற இடத்திலேயே நடுங்கின.
அஸெனோர் நோட்டில் எழுதினாள்: அசைவில்லை.
பிறகு அடித்துவிட்டு எழுதினாள்:
ஆசை இருக்கிறது, அசைவில்லை.

அப்புறம் மேற்பூச்சு.
மலச்சிக்கலுக்குக் கரைத்துக் குடிக்கிறோமே,
அந்தப் பாலிமர்தான்.
குட்டை இழைகளாகத் துகளின் தோலில் நெருக்கி நடவேண்டும்.
நீண்டால் சிக்கும். இடைவெளி விட்டால் ஒட்டும்.
பன்றிக் குடல் சளியில் பறந்தது.
கேக் வாங்கினோம்.
சீக்கிரம் வாங்கிவிட்டோம்.
பதினான்கில் போட்டால் பழைய கதை.

இன்னும் நெருக்கினோம். கோடை முழுக்க.

நவம்பரில் ஆறு நாள் புயல், படகு ஓடவில்லை.
ஏழாம் நாள் வந்த பெட்டியில் பாதிக் குப்பிதான்.
லேபிளின் ஓரத்தில், விதியை மீறி, பேனாவில்:
"இந்த வாரம் இவ்வளவுதான் வந்தது."
நுரையீரல் தெளிந்ததா, இருமத் தெம்பில்லையா,
அதில் இல்லை.
எழுத்து சாய்ந்திருந்தது.
படகில் வைத்து எழுதியதாகவும் இருக்கலாம்.

விளக்கை அணைத்து லென்ஸைத் திருப்பினேன்.
ஒரு புள்ளி
கண்ணியின் ஓரத்தைத் தொட்டது.
போச்சு என்று நினைத்தேன்.
விலகியது.
அடுத்ததைத் தொட்டது, விலகியது,
திரையின் விளிம்பைத் தாண்டிப் போயேவிட்டது.
நூற்றில் பதினொன்று.
அஸெனோர் இரண்டு முறை எண்ணினாள்,
பிறகு என்னை எண்ணச் சொன்னாள்.
கேக் பற்றி யாரும் பேசவில்லை.

பதில் எழுதக்கூடாது, அதுவும் விதி.
பெட்டியின் உள்ளே கழுவிப் புதுக் குப்பிகள் அடுக்கினேன்.
பனிக்கட்டிப் பொதி
வழக்கத்தைவிட ஒன்று அதிகம்.
மூடியின் உப்பை மட்டும்
துடைக்கவில்லை.