தறி ஒன்றுக்கு நாலணா

ஈரோட்டு நகராட்சியின் பழைய கட்டில்
கறையான் விட்டுவைத்தது பதினேழு தாள்.
மிச்சமிருக்கிறார் அதில்
இரண்டாங்கிரேடு வக்கீல்
சென்னியப்ப முதலியார்.

தாது வருசத்தில் அப்பன் போய்விட்டான்.
பாவு ஓடிய வீதியில்
கஞ்சித்தொட்டிக்கு வரிசை நின்ற பையன்
பேர் எழுதிக்கொண்டிருந்த குமாஸ்தாவின்
இறகுப்பேனாவைப் பார்த்தான்
கஞ்சியைவிடக் கொஞ்சம் அதிகமாக.

பிறகு வழக்குகள்.
கமலை ஓட்ட யாருக்கு எத்தனை நாள் என்று
பங்காளிகள் மண்டையை உடைத்துக்கொண்டது,
எல்லைக்கல் தானே நடந்து போனது,
ஓர் எருமைக் கன்று.
பீஸ் பெரும்பாலும் ராகி.
ஜெயித்ததைவிடத் தோற்றது அதிகம்தான்;
ஆனாலும் முன்சீப் எதிரில்
தலைப்பாகை நலுங்காமல் நிற்கத் தெரிந்தவர்.
அது போதுமாயிருந்தது ஊருக்கு.
ஊர் என்றால்,
ஓட்டுப் போடும் அளவுக்கு வரி கட்டிய
நூத்திப் பதினோரு பேர்.

விளம்பி வருசம், ஆடி மாதக் கூட்டம்.
பேட்டையில் காலரா.
ஆற்றிலிருந்து குழாய் போட்டாக வேண்டும், பணமில்லை.
தறி ஒன்றுக்கு அரை வருசத்துக்கு நாலணா
என்றார் சேர்மன்.
தூக்கிய கைகள் எட்டு.
எட்டாவது யாருடையது என்பதை
மினிட் புத்தகம் மறைக்கவில்லை.

தையில் ஜப்தி.
அண்ணன் அர்த்தனாரியின் படமரத்தை
ரெண்டு பியூன் சுமந்து போனார்கள்,
அறுக்காத சேலை அதில் சுற்றியபடியே.
அண்ணன் தம்பி வீட்டுக்குப் போகவில்லை.
கோர்ட்டு வாசலுக்கு வந்தார்.
"ஏனுங்க வக்கீலய்யா,
இந்தக் கேசுக்குப் பீசு எவ்வளவுங்கொ?"

வாங்கிக்கொண்டாரா, தெரியாது.
ஒன்றரை மணி நேரம் வாதாடினார்
அந்த வரி செல்லாதென்று.
எதிர்த்தரப்பிடம் ஒரே ஒரு தாள்.
உங்கள் கையெழுத்தா இது?
ஆமாம்.
அப்புறம்?
குழாய்க்குத்தான் கையெழுத்துப் போட்டேன்.
படமரத்துக்கு இல்லை.

தள்ளுபடி. செலவுத்தொகை வாதி தலையில்,
ஆறு ரூபாய் மூணணா.

அடுத்த மாதம்
தறிவரியை எடுக்கச் சொல்லித் தீர்மானம்,
கொண்டு வந்தவர் சென்னியப்ப முதலியார்,
ஆமோதிக்க ஆளில்லை.
அதற்கடுத்த மாதமும்.
பங்குனியில், வைகாசியில்,
ஒரே வாசகம், ஒரே பதில்.
எழுதி எழுதிச் சலித்துப்போன குமாஸ்தா
ஒன்பதாவது தடவை
"வழக்கம்போல்" என்று மட்டும் போட்டிருக்கிறான்.

பதினேழாவது தாள் ஒரு ரசீது.
அர்த்தனாரி, தறி ஒன்று, நாலணா வரவு.
கட்டியவர் பேர் இருக்க வேண்டிய இடத்தில்
கறையான் போன வழி.